உஷார்! அடிக்கல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை கரையோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “நம்ம மாவட்டத்துக்கும் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை” என்று யாராவது மேடை போட்டால், பெட்டி தூக்கிக்கொண்டு வந்தால், கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு அதை வருஷா வருஷம் நடத்துகிற பணம் எந்த அமைச்சின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது? அந்தப் பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவார்கள்? இதற்குப் பதில் சொல்ல முடியாதவர் கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வாக்கும் கொடுக்காதீர்கள்.

நம்மை ஏமாற்றுவது சுலபம். அதற்குக் காரணம் நம்முடைய தேவை. 2012 கணக்கெடுப்பிலேயே ஏழரை லட்சம் பேருக்கு மேல் இருந்த மாவட்டம் இது. ஆனாலும் நோய் முற்றியவருக்குப் பெரிய சிகிச்சை என்றால் மஹரகமவில் இருக்கிற அபேக்ஷா வைத்தியசாலைதான் முதலில் நினைவுக்கு வரும். அதை விட்டால் குருநாகல், அநுராதபுரம். கற்பிட்டியிலிருந்து விடியப் புறம் பஸ் ஏறி, பாலாவிச் சந்தி தாண்டி, கொழும்பு போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மஹரகம போக வேண்டும். கரண்ட் பிடிக்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியமும் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு கிழமை போகும். கடலுக்குப் போகிறவன் அத்தனை நாள் தொழிலை விட வேண்டும், இல்லாவிட்டால் சிகிச்சை பெறுகிற மனைவியை யாரோ உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இப்படித் தவிக்கிற ஒருவருக்கு “இங்கேயே கட்டித் தருகிறோம்” என்று சொன்னால் அவர் கணக்கா கேட்பார்? தாலிக்கொடியையும் கழற்றிக் கொடுப்பார். அதனால்தான் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

புற்றுநோய் மையத்தில் கட்டடம்தான் மலிவான பகுதி. கதிர்வீச்சு இயந்திரத்தை வைக்க மீற்றர் கணக்கில் தடித்த கொங்கிரீட் சுவருள்ள அறை வேண்டும். கதிரின் அளவைக் கணக்கிட மருத்துவ பௌதிகவியலாளர் வேண்டும், இயக்கப் பயிற்சி பெற்ற கதிரியக்க உத்தியோகத்தர்கள் வேண்டும், இயந்திரத்தைச் செய்த கொம்பனியோடு வருஷாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். பழைய வகைக் கோபால்ட் இயந்திரமாக இருந்தால், அதற்குள் இருக்கும் கோபால்ட் 60 ஐந்தேகால் வருஷத்தில் தன் வீரியத்தில் பாதியை இழந்துவிடும். அப்போது மூலத்தை மாற்றப் பணம் ஒதுக்காவிட்டால், அதே சிகிச்சைக்கு நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுகிற புளோரின் 18 அதைவிட மோசம், 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, ஸ்கேன் எடுக்கிற நாளெல்லாம் புதிதாக வந்தாக வேண்டும். இவை எல்லாம் மீண்டெழும் செலவு. ரிப்பன் வெட்டுகிற அன்று இந்தச் செலவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நம் நாட்டு மக்கள் கொடுக்காதவர்கள் இல்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தொடங்கிய ‘ட்ரெயில்’ நடை அது. அதில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு முனை வரை நடந்து கராப்பிட்டிப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். நடை முடிந்ததும் கராப்பிட்டிக் கட்டடம் வந்துவிடவில்லை, வேலை வருஷக்கணக்கில் நீண்டது. தெல்லிப்பழையைக் கட்டியது மக்கள் காசு என்றாலும், உள்ளே வைத்தியருக்கும் தாதிக்கும் மருந்துக்கும் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவது அரச பணம். அரசு அந்தப் பங்கைச் சரியாகச் செலுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க ஆள் இல்லாவிட்டால், நடந்தவர்களின் கால்வலி வீண்.

அதே 2016இல் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க, புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த தந்தை எம்.எஸ்.எச். முகம்மத் ஊர் ஊராகக் கேட்டார். சில மாதங்களிலேயே இருபது கோடி ரூபாய் அளவுக்குச் சேர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்தார்கள். பணம் சேர்ந்த வேகத்தில் இயந்திரம் வரவில்லை. மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்த பிறகும் தாமதிக்கிற அரச இயந்திரத்தை யார் கேட்பது? இங்கே நாம் கேட்டே ஆக வேண்டும்.

தாமதத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நெருக்கடியில் ‘அவசரக் கொள்வனவு’ என்ற வாசல் அகலத் திறந்தது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரம் வெடித்தது. அந்த விசாரணையில் ரிட்டக்சிமாப் மருந்தும் பேசப்பட்டது. நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து அது. முன்பு சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல, சுற்றாடல் அமைச்சராக இருந்தபோதே 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும், அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடமும் படுக்கையும் நல்ல வைத்தியரும் இருந்தும், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சரியாகப் பார்க்காத நிலை இந்த நாட்டில் வந்தது. அது போதும், நான் பதறுவதற்கு.

இப்போது நம் மாகாணத்தைப் பாருங்கள். போதனா வைத்தியசாலைகள் மத்திய அரசின் கீழும், ஆதார வைத்தியசாலைகளும் சிறிய வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழும் வருகின்றன. வடமேல் மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு வருஷக்கணக்காகத் தேர்தல் இல்லை, நிர்வாகம் ஆளுநர் கையில் போனது. மாகாண சுகாதாரப் பணத்தைப் பற்றி எழுந்து கேள்வி கேட்க நாம் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லை. புதிய பிரிவு எது வந்தாலும், “அது கொழும்பின் பொறுப்பு” என்று குருநாகலில் இருக்கிற மாகாண நிர்வாகமும் “அது மாகாணத்தின் பொறுப்பு” என்று கொழும்பும் கைகாட்டுகிற இடத்தில்தான் அது விழும். எனவே வாக்குறுதி கொடுக்கிறவரிடம் இதையும் கேளுங்கள்: இந்த மையம் எதன் கீழ் வரும்? ஆளணி அனுமதி கிடைத்துவிட்டதா?

இன்னொரு விஷயத்தைத் தயங்கித்தான் எழுதுகிறேன். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம், பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை, அறுவாக்காட்டில் கொழும்புக் குப்பை. இவற்றால் புற்றுநோய் கூடிவிட்டது என்று ஊரில் பேசாதவர் இல்லை. அந்தப் பயம் நியாயமானது, நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. ஆனால் பயத்தை மட்டும் காட்டிக் காசு சேர்க்கிறவர்களிடம் உஷாராக இருங்கள். பயம் உண்மையா என்று சொல்ல நம் பிரதேசங்களின் நோயாளர் எண்ணிக்கையை வருஷவாரியாக வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளி எங்கே சிகிச்சை பெறுகிறாரோ அங்கேதான் பதிவாகிறார். மஹரகமவில் பதிவான கற்பிட்டிக்காரரின் முகவரியைப் பிரித்தெடுத்து நமக்குத் தரும்படி அரசைக் கேட்பதுதான் முதல் வேலை. அந்த எண்ணிக்கை இல்லாமல் மையம் எத்தனை படுக்கைக்கு, எந்தச் சிகிச்சைக்கு என்று யாராலும் திட்டம் போட முடியாது. ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய்தான் நாட்டிலேயே அதிகம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற நம் கரையில் ஆரம்பத்திலேயே வாயைப் பார்க்க ஒரு பல் வைத்தியரும், முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் க்ளினிக்கும் ஒழுங்காக நடந்தாலே எத்தனையோ பேர் மஹரகம பஸ்ஸில் ஏற வேண்டி வராது. பெரிய கட்டடத்துக்குச் சத்தம் போடுகிறவர் யாரும் இதைப் பேசுவதில்லை.

கேட்பதற்குச் சட்டம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வைத்தியசாலையின், மாகாண சுகாதார அமைச்சின், கொழும்பு அமைச்சின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தக்காரர், இயந்திரம் வேலை செய்யாத நாட்கள், வெற்றிடமான பதவிகள் ஆகியவற்றைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன, வாசிக்கத்தான் ஆள் வேண்டும். ஆனால் ஒரு தனியார் அறக்கட்டளை நம்மிடம் சேர்த்த பணத்துக்கு இந்தச் சட்டம் எல்லா நேரத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவர்களிடம் காசு கொடுக்கும் முன்பே கணக்கைக் கேட்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும், கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், பங்குத் தந்தையர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஜும்ஆ கலைகிற நேரத்திலும், தலவில அன்னம்மாள் பெருநாளிலும், உடப்பு திரௌபதை அம்மன் தீமிதியிலும்தான் பெட்டிகள் அதிகம் நீட்டப்படுகின்றன. உங்கள் வாசலில் நிற்க அனுமதி கேட்டு வருகிறவரிடம் அமைப்பின் பதிவுச் சான்றிதழ், கடந்த வருஷத்துக் கணக்காய்வு செய்த கணக்கு, எந்த வைத்தியசாலைக்குப் பணம் போகிறதோ அதன் பணிப்பாளர் கையொப்பமிட்ட கடிதம் ஆகிய மூன்றையும் வாங்கிப் பாருங்கள். கடிதத்தில் உள்ள வைத்தியசாலைக்கு நீங்களே தொலைபேசி எடுத்து விசாரியுங்கள், அவர் கொடுக்கிற இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். நேரே அரச வைத்தியசாலைக்குக் கொடுக்கிறவர்கள் பொது 172 இலக்கப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மூன்று கடதாசியில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அந்தப் பெட்டி வாசலுக்கு வெளியே போகட்டும்.