லிவியாவின் அத்திப்பழக் கூடைக்குள்ளே!

ரோமாபுரியின் முதல் பேரரசர் அகஸ்டஸ் சாகக் கிடக்கிறார். கேமரா அவர் முகத்தருகே போய் நின்றுவிட்டது. நகரவே மாட்டேன் என்கிறது! பக்கத்தில் மனைவி லிவியா பேசிக்கொண்டே இருக்கிறாள். நமக்குக் குரல் மட்டும்தான். கண்ணைத் திறந்தபடி கிடக்கும் பிரையன் பிளெஸ்ஸட் இமைக்கக்கூட இல்லை. உயிர் எந்த நொடியில் போனது? கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

இதற்குப் பிறகுதான் விஷயமே. அறையை விட்டுப் போகிற போக்கில், அத்திப்பழத்தைத் தொட்டுவிடாதே என்று மகன் டைபீரியஸிடம் சொல்லிவிட்டுப் போகிறாள் லிவியா. குழம்பு சூடாக இருக்கிறது, பார்த்துச் சாப்பிடு என்று சொல்கிற அதே தொனி. அடிப்பாவி!

இது 1976-ல் பி.பி.சி. எடுத்த 'ஐ, கிளாடியஸ்' தொடர். லிவியாவாக வந்தவர் ஷான் ஃபிலிப்ஸ். இத்தனை கொலைக்கும் ஏதாவது நியாயம் இருக்குமே என்று ஒத்திகையில் அவர் தேடித் தேடி நடித்தாராம். இயக்குநர் ஹெர்பர்ட் வைஸ் கைகொடுத்தார்: நியாயமெல்லாம் வேண்டாம், சும்மா கெட்டவளாக இரு; எவ்வளவு கெட்டவளோ அவ்வளவு சிரிப்பு, அவ்வளவு பயம்! அவ்வளவுதான், ஃபிலிப்ஸ் புகுந்து விளையாடிவிட்டார். பாஃப்டா விருதும் வீடு தேடி வந்தது.

இன்னொரு ரகசியம்: அந்த மகா சாம்ராஜ்யம் மொத்தமும் லண்டன் ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் அடக்கம். வாள்சண்டைப் போட்டியா? அரச குடும்பம் உட்கார்ந்து பார்க்கிற மாடத்தை மட்டும் காட்டுவார்கள். மைதானத்துக் கூச்சல் பின்னணியில் கேட்கும், ரத்தத்தை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். போட்டிக்கு முன்னால் வீரர்களை நிற்கவைத்து லிவியா விடுகிற டோஸ் இருக்கிறதே! உயிர் பிழைக்கத் தந்திரம் செய்து ஆட்டத்தைக் கெடுக்கிறீர்களாம். கொடுத்த காசு முதலாளியம்மாவுக்குச் செரிக்க வேண்டாமா?

சரி, அத்திப்பழத்தில் விஷம் வைத்த கதையை யார் கிளப்பியது? தொடருக்கு மூலம் 1934-ல் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய நாவல். மயோர்கா தீவில் கடன் கழுத்தை நெரிக்க, காசுக்காக உட்கார்ந்து எழுதியது! அவருக்குத் தீனி போட்டவர்கள் டாசிடஸ், சூட்டோனியஸ், காசியஸ் டயோ ஆகிய பழைய வரலாற்றாசிரியர்கள். மரத்தில் தொங்கிய பழத்திலேயே விஷம் தடவினாள் என்ற பேச்சை எழுதிவைத்தவர் டயோ. அவர் எழுதியது சாவு நடந்து சுமார் 200 ஆண்டு கழித்து! கி.பி. 14-ல் செத்தபோது அகஸ்டஸுக்கு 76 நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. அந்த வயதில் சாவதற்கு விஷம் வேறு வேண்டுமா? ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதில் வேடிக்கை, லிவியாவின் பெயரிலேயே ஓர் அத்தி ரகம் இருந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அம்மா தோட்டக்கலையில் கைதேர்ந்தவள் போலும்!

பழி போடுவதில் எச்.பி.ஓ.வின் 'ரோம்' தொடர் (2005–07) இதையும் மிஞ்சியது. அகஸ்டஸின் தாய் ஆட்டியாவைப் பிள்ளை வளர்ப்புக்கு உதாரணமாகக் காட்டினார் டாசிடஸ். தொடரிலோ சூழ்ச்சிக்கும் சல்லாபத்துக்கும் அவளே தலைவி! பாவம் ஆட்டியா. ஆனால் பாலி வாக்கர் நடிப்பில் கண்ணை எடுக்க முடியாதே!

இப்போது கொண்டைக்கு வருவோம். லிவியாவின் சிலைகளைப் பாருங்கள்: நெற்றிக்கு மேலே உருட்டிய புடைப்பு, அங்கிருந்து பின்னால் இழுத்த பின்னல். ரோமாபுரிச் சீமாட்டிகளின் இந்தச் சிகைகள் விழாமல் நின்றது எப்படி? பால்டிமோர் சிகையலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீபன்ஸ், ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கூந்தலைத் தைத்தே காட்டிவிட்டார்! சவுரி வேண்டாம், சொந்த முடியே போதும். 2008-ல் ரோமானியத் தொல்லியல் ஆய்விதழில் அவர் கட்டுரையும் வந்தது. பேராசிரியர்களுக்கே பாடம் எடுத்த பார்லர் அக்கா!

2021-ல் 'டோமினா' தொடர் வந்தது. அதில் லிவியாதான் கதாநாயகி. வில்லியாக்கிப் பார்த்தாயிற்று, நாயகியாகவும் ஆக்கியாயிற்று. அடுத்து யார்? என் ஓட்டு வேலைக்காரர்களுக்கு! ஆப்பியன் சாலையோரம் 1726-ல் ஒரு கல்லறைக் கூடம் கிடைத்தது. லிவியா வீட்டு அடிமைகளும், விடுதலை பெற்றவர்களும் அங்கே பெயரோடும் வேலையோடும் கல்லில் இருக்கிறார்கள். தலை வாரியவள், உடுப்பைப் பார்த்துக்கொண்டவர், எண்ணெய் தேய்த்துவிட்டவள், முத்துப் பதித்தவர்... பழத்தில் விஷம் இருந்ததா இல்லையா என்று இவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நாவலாசிரியர்களே, பேனாவைத் திறங்கள். முதல் பிரதிக்கு நான் இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன்!