தோண்டுகிறவரே அளந்தால்?

மணவாளக்குறிச்சி மணலைக் கையில் அள்ளியிருக்கிறீர்களா? கறுப்பாய் இல்மனைட், சிவப்பாய் கார்னெட், ஊடே மோனசைட். கயிற்றில் ஒட்டிப்போன மணலை வைத்துத்தான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்தாராம். இன்று பிரித்தெடுப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல்.

‘தோரியம் உள்ள மோனசைட்டை எடுத்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பக் கொட்டுகிறோம், கதிர்வீச்சு குறையும்’ என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க 2024 அக்டோபர் 1-ல் கருத்துக்கேட்பு என்றதும் எதிர்ப்பு கிளம்ப, கூட்டம் தள்ளிப்போனது.

ஏன்? 2006 விதிப்படி சுருக்கம் மட்டும் தமிழில் இருந்தால் போதும். முழு அறிக்கை இங்கிலீஷில்! ‘‘தோண்டுகவனே அளந்து சொன்னா எப்பிடி மக்கா நம்புகது?’’ என்றார் எனக்குத் தெரிந்த மீனவப் பெரியவர்.

அவர் கையில் மீட்டரைக் கொடுங்களேன்! ஏற்கெனவே தோண்டி மூடிய இடங்களில் எங்கே அளப்பது என்று ஊர்க்காரர்களே காட்டட்டும். வந்த நம்பரை, கூடினாலும் குறைந்தாலும், டீக்கடை போர்டில் தமிழில் எழுதிப் போடுங்கள். பளபளா புத்தகத்தில் மரம் நடும் படமெல்லாம் அப்புறம். (பொதுவாக அந்தப் படங்களில் செடியைவிட அதிகாரிகள்தான் அதிகம்!)

கடல் அரிப்பைப் பற்றியும் பெரியவர் கேட்டார். அதை எந்த மீட்டரில் அளப்பார்கள்?