குரோஷேயும் நிட்டிங்கும்

குரோஷே, நிட்டிங் ஆகிய இரண்டும் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துக் கோத்துத் துணியாக்கும் கைப்பின்னல் முறைகள். குரோஷேக்கு முனையில் கொக்கி உள்ள ஒரே ஓர் ஊசி போதும். நிட்டிங்குக்குப் பொதுவாக இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். குழந்தைத் தொப்பி, காலுறை, ஸ்வெட்டர், சால்வை, போர்வை, மேசை விரிப்பு, பொம்மை என வீட்டுக்கு வேண்டிய பல பொருள்கள் இம்முறைகளில் பின்னப்படுகின்றன. தமிழில் இரண்டையும் 'பின்னல்' என்றே சொல்வதால் இவை ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் கண்ணி அமைப்பில் உள்ள ஒரு சிறு வேறுபாடு, நிட்டிங்கைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றுவிட்டது. குரோஷேயை இன்றும் மனிதக் கையிலேயே வைத்திருக்கிறது.

கண்ணியின் அமைப்பு

தறியில் நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. பின்னலில் அப்படி இரு வகை நூல் கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒயர் கூடை பின்னுவது, பூத் தொடுப்பது ஆகியவற்றிலிருந்தும் இது வேறுபட்டது. அவற்றில் முடிச்சு உண்டு. இங்கே தொடக்கத்திலும் முடிவிலும் தவிர முடிச்சு இல்லை. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்து வைத்திருக்கிறது. முடிக்காமல் விட்ட பின்னலின் நூல் நுனியை இழுத்தால் வாரக் கணக்கில் செய்த வேலை சில நிமிடங்களில் பிரிந்துவிடுவது இதனால்தான். இதில் ஒரு வசதியும் உண்டு. குழந்தை வளர்ந்ததால் சிறிதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி உலர்த்தி, வேறொன்றாகப் பின்னிக்கொள்ளலாம்.

நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியின் மீது திறந்த நிலையில் இருக்கும். இடக்கை ஊசியிலுள்ள பழைய கண்ணிக்குள் வலக்கை ஊசியை நுழைத்து, புதிய கண்ணி ஒன்றை இழுத்து எடுத்து, பழையதை நழுவ விட வேண்டும். கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் அது நிட். பின்பக்கமாக இழுத்தால் பர்ல். நிட்டிங் வடிவங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டின் சேர்க்கையே. இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாறி மாறிப் போட்டால் ஸ்வெட்டரின் மணிக்கட்டிலும் இடுப்பிலும் காணப்படும், இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் வரிப்பட்டை கிடைக்கும். பக்கவாட்டில் நன்றாக நீளும் தன்மை நிட்டிங்கின் பெரிய பலம். திறந்த கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவினால் அதற்குக் கீழே உள்ளவையும் ஏணிப்படிபோல வரிசையாக அவிழ்ந்து இறங்குவது அதன் பலவீனம்.

குரோஷேயில் ஊசியின் மீது பொதுவாக ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். கொக்கியைப் பின்னலின் ஏதேனும் ஓர் இடத்தில் குத்தி, நூலைப் பிடித்து இழுத்து, ஊசியில் இருக்கும் கண்ணிகளுக்குள் செலுத்தினால் அந்தத் தையல் அங்கேயே மூடிக்கொள்ளும். அடுத்த தையலை எங்கே போடுவது என்பது பின்னுபவரின் விருப்பம். பக்கத்துக் கண்ணியில் போடலாம். இரண்டு கண்ணி தள்ளிப் போடலாம். முந்தைய வரிசையை விட்டு அதற்கும் கீழே இறங்கிப் போடலாம். பூ, இலை, வட்டம், சதுரம், உருண்டை என எந்த வடிவமும் எளிதாக வருவது இந்தச் சுதந்திரத்தால்தான். துணி தடிமனாகவும் வடிவம் கலையாமலும் இருக்கும். ஆனால் நிட்டிங் அளவுக்கு நீளாது. அதே பரப்புக்கு நூலும் கூடுதலாகச் செலவாகும்.

இயந்திரத்துக்கு வசப்பட்டதும் வசப்படாததும்

நிட்டிங்கில் எல்லாக் கண்ணிகளும் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது. எனவே கண்ணிக்கு ஓர் ஊசி வீதம் நிறுத்தி வைத்தால் ஓர் இயந்திரமே வரிசை முழுவதையும் பின்னிவிடும். இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே வாழ்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் சட்டகத்தை இந்த முறையில்தான் உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வேலை போய்விடும் என்று முதலாம் எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை தர மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. லீ பிரான்சுக்குப் போய்விட்டார். அரசி தாமதப்படுத்த முடிந்ததே தவிரத் தடுக்க முடியவில்லை. இன்று திருப்பூரில் வட்ட வடிவ இயந்திரங்களில் ஓடும் பனியன் துணி அந்த வழியில் வந்ததுதான். பழைய பனியன் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், முன்பக்கத்தில் சிறு சிறு 'வி' வடிவங்கள் நெடுவரிசையாக நிற்பதைக் காணலாம். கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டரிலும் இதே வடிவம்தான் பெரிதாகத் தெரியும். திருப்பூர்த் துணியைப் 'பின்னலாடை' என்று தமிழில் அழைப்பது மிகச் சரியான பெயர்.

குரோஷே அப்படி வசப்படவில்லை. கொக்கி நுழைய வேண்டிய இடம் ஊசியின் மீது இல்லை. ஏற்கெனவே பின்னி முடித்த, நெகிழ்ந்து மடங்கும் துணிக்குள் இருக்கிறது. அந்தச் சிறு இடைவெளியை விரலால் தடவிக் கண்டுபிடித்து, துணியைத் திருப்பிப் பிடித்து, நூலின் இழுவிசையை ஒவ்வொரு தையலுக்கும் சரிசெய்வது கைக்கு எளிது. இயந்திரத்துக்கு மிகக் கடினம். ஆய்வக அளவில் முயற்சிகள் நடந்துள்ளன. ஆனால் கையால் செய்யும் குரோஷேக்கு ஈடாகச் சந்தைக்குப் பின்னித் தரும் இயந்திரம் இன்னும் வரவில்லை. கடைகளில் 'குரோஷே லேஸ்' என்று மீட்டர் கணக்கில் விற்கும் கரைப்பட்டைகள் வேறு வகை நிட்டிங் இயந்திரங்களில் தயாராகும் போலிகள்.

வந்த வழி

நிட்டிங் பழையது. ரோமானியர் கால எகிப்தில் கிடைத்த, செருப்பின் வாருக்காகப் பெருவிரல் பிரித்துப் பின்னிய காலுறைகள் லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்வைக்கு நிட்டிங் போலவே இருந்தாலும் அவை காதுள்ள ஒற்றை ஊசியால் செய்யப்பட்ட வேறு முறையைச் சேர்ந்தவை. உண்மையான நிட்டிங்குக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளும் எகிப்திலிருந்து வந்த பருத்திக் காலுறைகளே. அவை இடைக்காலத்தைச் சேர்ந்தவை.

குரோஷேயோ வயதில் மிகச் சிறியது. பிரெஞ்சு மொழியில் 'சிறு கொக்கி' என்று பொருள்படும் சொல்லே அதன் பெயர். அச்சில் வந்த மிகப் பழைய குரோஷே வடிவங்களாக அறியப்படுபவை 1823-இல் 'பெனலோப்பே' என்ற டச்சு இதழில் வெளியானவை. அது பெரிய அளவில் பரவியது அயர்லாந்தில். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, கிறித்துவக் கன்னியர் மடங்களும் கிராமப் பள்ளிகளும் பெண்களுக்குக் குரோஷே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தன. ஊசியால் தைக்கும் விலையுயர்ந்த லேஸைவிட இது விரைவாக முடிந்தது. ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு ஒன்றாக இணைத்துக் கழுத்துப்பட்டிகளாகவும் ஆடைகளாகவும் விற்றார்கள். விருந்தறை மேசைகளை அலங்கரிக்கும் பொழுதுபோக்கு என்று பின்னர் பெயரெடுத்த இந்தக் கலை, அங்கே அரிசிப் பானையை நிரப்பும் வேலையாகத்தான் இருந்தது என்று தமிழ் வழக்கில் சொல்லலாம்.

ஒரு தொப்பியின் கணக்கு

குரோஷே கற்பவர்கள் முதலில் செய்து பார்ப்பது பெரும்பாலும் வட்டம். வழிகாட்டிகள் 'முதல் சுற்றில் 6 தையல், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டவும்' என்று சொல்லும். ஏன் 6 என்று அரிதாகவே விளக்கும். காரணம் பள்ளிக்கூட வடிவியல்தான். சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டையான தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஒரு சுற்று முடிந்தால் வட்டத்தின் ஆரம் ஒரு தையல் அளவு கூடுகிறது. ஆரம் 1 கூடினால் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 கூட வேண்டும். எனவே 6. உயரமான டபுள் குரோஷேயில் ஆரம் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்வதால் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டியிருக்கிறது. (இப்பெயர்கள் அமெரிக்க வழக்கு. அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேயைப் பிரிட்டிஷ் புத்தகங்கள் டபுள் குரோஷே என்று அழைக்கும். எந்த நாட்டு வழிகாட்டி என்று பார்க்காமல் தொடங்கினால் போர்வை எதிர்பாராத அளவில் வந்து நிற்கும்.)

பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. தொப்பி சற்று இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால் 33 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை 3.14-ஆல் வகுக்க விட்டம் 10.5 செ.மீ. வட்டம் அந்த அளவுக்கு வந்ததும் தையல் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே போனால் விளிம்பு தானாகக் கீழே இறங்கித் தொப்பியாகும். அமிகுருமி எனப்படும் ஜப்பானிய வகைப் பொம்மைகளின் தலையும் உடலும் இதே கணக்கில் உருவாகின்றன. கூட்டியதை மறுபடி குறைத்தால் உருண்டை மூடிக்கொள்ளும்.

எதிர்த்திசையிலும் இதைச் செய்யலாம். தேவைக்கு மேல் தையல் கூட்டினால் விளிம்பு அலை அலையாக மடியும். புதிதாகக் கற்பவர் இதைப் பிழை என்று பிரித்துவிடுவார். கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் இதையே வேண்டுமென்று செய்தார். காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துபோகும் மிகைவளைவுத் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையில் எடுத்து மடித்துப் பார்க்கும்படி குரோஷேயில் பின்னிக் கொடுத்தார்.

நிட்டிங்கில் கணக்கு வேறு வகை. அங்கே பிழை பெரும்பாலும் மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவதால் வருகிறது. 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி வர வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால், 90 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு 180 கண்ணி. இறுக்கமாகப் பின்னும் கையில் அதே 10 செ.மீட்டருக்குள் 22 கண்ணி வந்துவிட்டால், முடிந்த ஸ்வெட்டர் 82 செ.மீட்டரை எட்டாது. 8 செ.மீ. குறைவென்றால் அது அப்பாவுக்குப் பதிலாக மகனுக்குத்தான் போகும். சிறு சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, அளந்து பார்க்க ஒரு மாலை போதும்.

நூலும் பயன்பாடும்

கண்ணிகளுக்கிடையே அடைபடும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நூல் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூண்டு. சுருள் இழைகள் கொண்ட கம்பளி இதைச் சிறப்பாகச் செய்யும். ஆனால் சுடுநீரில் அலசித் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிக் கெட்டியாகிவிடும்; பிறகு அதை மீட்க முடியாது. கடைகளில் 'உல்லன்' என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. துவைக்க எளிது, நிறமும் மங்காது. ஆனால் சூட்டில் உருகும் என்பதால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு அதைப் பயன்படுத்துவது ஆபத்து. அந்த வேலைக்கும், சமவெளியின் வெப்பத்துக்கும் பருத்தி நூலே ஏற்றது. உதகையிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டராகும் கலை, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பெரும்பாலும் மேசை விரிப்பாகவும் பைகளாகவும் மாறுவதற்குக் காரணம் வானிலைதான்.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது அழகைவிட முதலில் பார்க்க வேண்டியவை உண்டு. பெரிய துளைகள் உள்ள போர்வையில் விரல் சிக்கும். காலுறைக்குள் தொங்கும் நூல் நுனி கால்விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். உள்பக்கத்து நுனிகளைத் தைத்து மறைத்தே ஆக வேண்டும். பொம்மைக்குப் பொத்தான் கண் வைக்காமல் நூலாலேயே கண் தைக்கலாம். தூங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வையும் தொப்பியும் வேண்டாம் என்பது குழந்தைநல மருத்துவர்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. பாட்டி பின்னிய போர்வை மடியில் வைத்திருக்கும்போது போர்த்துவதற்கு.

கைகளின் விலை

குரோஷேயை இயந்திரம் பின்னாது என்பதன் நேரடி விளைவு ஒன்று உண்டு. உலகில் எந்தக் கடையில் எவ்வளவு மலிவாகக் குரோஷே மேலாடை தொங்கினாலும், அதை யாரோ ஒருவர் தையல் தையலாகக் கையால் பின்னியிருக்கிறார். விலை குறைந்தது இயந்திரத்தால் அல்ல, கூலி குறைந்ததால்.

ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாப்பூர் இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்துவ மிஷனரிகள் வழியாக அங்கு வந்த குரோஷே, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களின் வீட்டுத் தொழிலாகி, ஏற்றுமதிச் சந்தையை எட்டியது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் நூல் வெளியிட்டார். நாளின் பெரும்பகுதியை லேஸ் பின்னுவதில் கழித்த பெண்கள் தொழிலாளர்களாகக் கணக்கிடப்படவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள். அந்தக் கருத்தே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது, இலாபம் வணிகர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போனது என்பது அவரது முடிவு. நரசாப்பூர் குரோஷே லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். ஒரு தையலுக்கு என்ன கூலி என்பதை அது நிர்ணயிப்பதில்லை.

விற்பனைக்கு அல்லாமல் பின்னுபவர்களும் ஏராளம். 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவின் பெண்கள் தனித்தனியே வீட்டில் பின்னிய போர்வைகளைச் சென்னையில் ஒன்றாக இணைத்தனர். 11,000 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்புடன் அது உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வையாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.