பேர் ஒன்று, பாம்பு இரண்டு!
உயிரினக் கணக்கெடுப்புக்குப் பொதுச் சொற்கள் ஏன் வேண்டும்?

மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் "ஐயோ, பச்சைப் பாம்பு!" என்று ஓர் அக்கா சத்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நிரையில் நிற்பவர், "அது ஒன்னும் செய்யாது அக்கா, கொடி மாதிரி தொங்குமே, அதுதானே" என்கிறார். கங்காணியோ, "இல்லம்மா, அதுக்குத் தலை முக்கோணமா இருக்கும். கடிச்சா வீங்கிப்போகும். தள்ளி நில்லுங்க" என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். கூர்மூக்கும் மெலிந்த உடம்பும் கொண்ட பச்சைப் பாம்பு ஒன்று உண்டு. அதனால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. தடித்த உடம்பும் முக்கோணத் தலையும் கொண்ட பச்சை விரியனும் உண்டு. அது விஷமுள்ளது, இலங்கையில் மட்டுமே வாழ்வது, தேயிலைச் செடியிலும் படுத்திருக்கும். நம் வாயில் இரண்டுக்கும் ஒரே பேர். "பச்சைப் பாம்பு - 1" என்று மட்டும் கொப்பியில் எழுதி வைத்தால், பிறகு படிப்பவருக்கு எதைக் கண்டோம் என்று விளங்குமா?

குளவி என்றால் எது?

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கங்களில் கொழுந்து எடுப்பவர்களைக் குளவி கொட்டியது என்ற செய்தியை அடிக்கடி கேட்கிறோம். இங்கேயும் அதே குழப்பம்தான். மரக்கிளையிலோ பாறையிலோ ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. சிங்களத்தில் அதைப் பம்பரா என்பார்கள். அது கொட்டினால் கொடுக்கு விஷப்பையோடு தோலிலேயே தங்கிவிடும். உடனே எடுத்துவிட வேண்டும். மரநாரை மென்று கடதாசி போன்ற கூடு கட்டுவதுதான் உண்மையான குளவி, சிங்களத்தில் தெபரா. அது கொடுக்கை விட்டுச் செல்லாது. திரும்பத் திரும்பக் கொட்டும். மலைத்தேனீ பூக்கும் காலத்தைப் பார்த்து இடம் மாறும். எந்த மாதத்தில் எந்த மலையில் எது கூடு கட்டுகிறது என்று சரியாக எழுதி வைத்தால், அடுத்த வருடம் அந்த மலைக்கு ஆள் அனுப்பும் முன்பே எச்சரிக்கையாக இருக்கலாம். எல்லாவற்றையும் "குளவி" என்றே எழுதினால் அந்தக் கணக்கு உதவாது.

இதற்கு நேர்மாறாக, ஒரே உயிருக்கு இரண்டு பேர் இருப்பதும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தையைப் பலர் வேறு இனம் என்று நினைத்தார்கள். அதுவும் சாதாரண சிறுத்தைதான், நிறம் மட்டும் கறுப்பு. நாம் அதைப் "புலி" என்கிறோம். இந்தியாவில் புலி என்றால் வேறு மிருகம். அது இலங்கைக் காட்டில் இல்லவே இல்லை.

நமக்குத் தெரிந்த கணக்கு

பொதுச் சொல் என்பது நமக்குப் புதிதல்ல. செக்ரோலில் "அரைப் பேர்" என்று போட்டால் எந்தத் தோட்டத்திலும் ஒரே அர்த்தம்தான். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. பீ.ஓ.பீ. என்று பெட்டியில் இருந்தால், தேயிலை எப்படிப்பட்டது என்று வாங்குபவருக்கு உடனே விளங்கும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை தன் இஷ்டத்துக்குப் பேர் வைத்தால் வியாபாரம் நடக்குமா?

உயிரினக் கணக்கிலும் இதே யோசனைதான். 1753இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் செடிகளுக்கு இரண்டு சொல் கொண்ட பேர்களை வைத்தார். தேயிலைக்கு அவர் வைத்தது தேயா சைனென்சிஸ். இன்று அதே செடி கமேலியா சைனென்சிஸ். இப்படிப் பேர் மாறுவதால், பழைய பேரையும் புதிய பேரையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பேர் மட்டும் போதாது. எங்கே, எப்போது, யார், எத்தனை என்பதையும் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இதற்காக உருவானதுதான் "டார்வின் கோர்" என்ற பொதுச் சொற்தொகுதி. 2009இல் அது முறைப்படி ஏற்கப்பட்டது. கண்ட நாள், இடம், அறிவியல் பேர், ஊர்வழக்குப் பேர், எண்ணிக்கை, கண்டவர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலையான தலைப்பும் விளக்கமும் அதில் உண்டு. 2001இல் தொடங்கிய உலக உயிரினத் தகவல் நிலையம் இந்த முறையில்தான் 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்திருக்கிறது.

அந்தத் தொகுதியில் ஊர்வழக்குப் பேருக்கும் ஒரு கட்டம் இருப்பதைக் கவனியுங்கள். நம் பேர் தப்பு என்று யாரும் தள்ளிவிடவில்லை. 1893இல் வெளிவரத் தொடங்கிய டிரைமனின் இலங்கைத் தாவர நூலிலேயே சிங்களப் பேரோடு தமிழ்ப் பேர்களும் இருக்கின்றன. காட்டு ஓரத்தில் தினமும் நிற்பவர்கள் நாம். நாம் சொல்லாவிட்டால் நம் பேரும் நாம் கண்டதும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

நாம் எப்படி எழுதலாம்?

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும்.

1. நாள்: வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். 2025-05-04 என்றால் மே 4. வெறுமனே 04/05 என்றால் சிலர் ஏப்ரல் 5 என்று நினைப்பார்கள்.

2. இடம்: "மேல் மலை" என்று மட்டும் எழுத வேண்டாம், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மேல் மலை இருக்கிறது. தோட்டம், பிரிவு, மலை நம்பர் மூன்றும் வேண்டும். கைத்தொலைபேசி இருந்தால் அது காட்டும் இட எண்களையும் எழுதலாம். 6.99, 81.05 என்றால் பதுளை நகர்.

3. பேர்: நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பேரையே எழுதுங்கள். அதோடு நிறம், உருவம், கூடு பற்றி ஒரு வரி சேருங்கள். நிச்சயமில்லை என்றால் "நிச்சயமில்லை" என்றே எழுதுங்கள்.

4. எண்ணிக்கை: "நிறைய" வேண்டாம். ஏறத்தாழ 20 என்றாலும் எண்ணே நல்லது.

5. கண்டவர், பார்த்த நேரம்: ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் காணாவிட்டால் அதையும் எழுதுங்கள். "காணவில்லை" என்பதும் ஒரு தகவல்தான். எழுதாமல் விட்டால், அங்கே எதுவும் இல்லையா, யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்று தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பேர் கண்டுபிடிப்பதற்காகப் பாம்பின் கிட்டே போகவோ, கூட்டைக் கலைக்கவோ, எதையும் அடித்துக் கொல்லவோ கூடாது. பாம்பு கடித்தாலும், பல இடங்களில் கொட்டு பட்டாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கொப்பி.

நம் தாத்தா பாட்டிமாருக்கு இந்த மலையின் ஒவ்வொரு பறவையும் பூச்சியும் பேரோடு தெரியும். அவர்களிடம் இன்று மாலையே கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எல்லா லயத்திலும் ஒரே மாதிரி எழுதினால், நாம் வாழும் மலையின் கணக்கு நம் கையாலேயே உருவாகும்.