இலக்கம் தீர்ந்த சேவையகம்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் ஒரு மாலைப்பொழுதை எண்ணிக்கொள்ளுங்கள். தன் சுட்டெண்ணைத் தாளொன்றில் எழுதி வைத்துக்கொண்டு பிள்ளையொன்று கைத்தொலைபேசியின் திரையை மீண்டும் மீண்டும் தட்டுகின்றது, பக்கம் வருவதாயில்லை. மறுமுனையிலே, அந்த இணையத்தளத்தைப் பராமரிக்கும் அலுவலர் சேவையகக் கணினியின் பதிவேட்டைத் திறந்து பார்க்கின்றார். 'திறந்த கோப்புகள் மிகுதியாகிவிட்டன' என்னும் ஒரே வாக்கியம் ஆயிரக்கணக்கான வரிகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றது. பிழையின் இலக்கம் 24.

வியப்பு யாதெனில், அந்நேரம் கணினியின் மையச் செயலி களைத்திருப்பதில்லை. நினைவகத்தில் இடம் மிஞ்சியிருக்கும். வட்டும் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும். பத்தாயம் நிறைய நெல் இருக்க, வீட்டார் பட்டினி கிடப்பது போன்ற நிலை இது. கலைப் பட்டதாரியாகிய பாடசாலை அதிபருக்கு இதில் என்ன அக்கறை என நேயர்கள் வினவலாம். இன்று பிள்ளைகளின் அனுமதி, பெறுபேறு, விண்ணப்பம் என்பன யாவும் இத்தகைய கணினிகளின் வாயிலாகவே நடைபெறுகின்றன. அவை ஏன் வாயடைத்துப் போகின்றன என்பதைப் பொறியியலாளர் மட்டுமே அறிந்திருந்தாற் போதும் என்று நான் கருதவில்லை. அன்றியும், இது விளங்கிக்கொள்ள முடியாத மறைபொருளும் அன்று.

முதலில், வலைப்பக்கங்களை வழங்கும் கணினி 'கோப்பு' என்று முறையிடுவது ஏன்? இதன் வேர் 1969இல் இருக்கின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் அவ்வாண்டில் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். வட்டிலுள்ள ஏடு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய யாவற்றையும் செய்நிரல் ஒரே முறையிற் கையாள வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. திற, வாசி, எழுது, மூடு: தொழில் இந்த நான்கே. பின்னர் 1983இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தார் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பு, கணினிக்கும் கணினிக்கும் இடையேயுள்ள தொடர்புக்கும் அதே ஆடையை அணிவித்தது. அத்தொடர்பின் முனையைச் சொக்கற் என்பர். இன்று பெரும்பாலான சேவையகங்களை இயக்கும் லினக்ஸ் முறைமையும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றது. ஆகவே, உங்கள் தொலைபேசியிலிருந்து ஒரு தளத்துக்குச் செல்லும் தொடர்பும் அங்கே 'திறந்த கோப்பு' என்றே கணிக்கப்படும்.

திறக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் முறைமையின் கரு ஓர் இலக்கம் வழங்குகின்றது. இதனை ஆங்கிலத்தில் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பர். நாம் கோப்பிலக்கம் என்று வழங்குவோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிற் சுற்றாடலிலுள்ள வளவுகளிலே துவிச்சக்கரவண்டிகளைப் பாதுகாப்போர், வண்டியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இலக்கத் துண்டு கொடுப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். துண்டு வண்டியன்று, எனினும் துண்டின்றி வண்டியைக் கையாள முடியாது. வண்டியை எடுத்துச் செல்பவர் துண்டைத் திருப்பிக் கொடுத்தால், அது அடுத்தவருக்குப் பயன்படும். கோப்பிலக்கமும் இத்தன்மையதே. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செய்நிரலும், அதாவது ஒவ்வொரு செயன்முறையும், தனக்கென ஒரு துண்டுக் கட்டு வைத்திருக்கின்றது. 0, 1, 2 ஆகிய மூன்றும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழையறிவித்தலுக்கும் வழக்கமாக ஒதுக்கப்பட்டவை. எஞ்சியவற்றுள் அவ்வேளை வெறுமையாயுள்ள மிகச் சிறிய இலக்கமே புதிதாகத் திறக்கப்படுவதற்கு வழங்கப்படும்.

இக்கட்டிலுள்ள துண்டுகள் எத்தனை என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. லினக்ஸில் ஒரு செயன்முறைக்கு வழக்கமாக விதிக்கப்படும் எல்லை 1024. ஆயிரம் பேருக்கு ஆயிரம் துண்டு போதுமே என்று தோன்றலாம். ஆனால் முன்வாயிலில் நின்று வருவோரை ஏற்று உள்ளேயுள்ள வேறொரு செய்நிரலிடம் அனுப்பும் சேவையகமாயின், வருபவருக்கு ஒன்றும் உள்ளே செல்லும் தொடர்புக்கு ஒன்றுமாக ஒருவருக்கே இரண்டு துண்டு செலவாகும். உள்ளேயிருக்கும் செய்நிரலும் தரவுத்தளத்தோடு பேசத் தன் கட்டிலிருந்து வேறு துண்டு எடுக்கும். பதிவேடுகளுக்கும் படங்களுக்கும் தனித்தனியே துண்டு வேண்டும். இவ்வாறு கணக்கிட்டால், ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஒருங்கே வந்தவுடன் முன்வாயில் அடைபட்டுவிடும்.

எத்தனை பேர் வருகின்றனர் என்பதை மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர். வந்தவர் எவ்வளவு நேரம் துண்டைக் கையில் வைத்திருக்கின்றார் என்பதே மற்றைப் பாதி. நொடிக்கு இருபது பேர் புதிதாக வருகின்றனர் எனக் கொள்வோம். பக்கத்தை அனுப்பிய பின்னரும், அவர் மேலும் ஏதேனும் கேட்கக்கூடும் என்று சேவையகம் தொடர்பைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருப்பது வழக்கம். எஞ்சின்-எக்ஸ் என்னும் பெயர்பெற்ற சேவையக மென்பொருளில் இக்காத்திருப்பு, வேறு கட்டளை இல்லாவிடின், 75 நொடி. வந்தவர்களுடைய தொலைபேசிகளும் தொடர்பை மூடாதிருப்பின், இருபதை எழுபத்தைந்தாற் பெருக்க 1500 துண்டுகள் வெளியே நிற்கும். நொடிக்கு இருபது என்பது பெருங்கூட்டமே அன்று. ஆயினும் 1024 தீர்ந்துவிட்டது. இதுபோலவே, வழக்கமாக நொடியின் ஐந்திலொரு பங்கில் விடையளிக்கும் தரவுத்தளம் பத்து நொடி எடுக்கத் தொடங்கினால், அதே கூட்டத்துக்கு ஐம்பது மடங்கு துண்டு வேண்டும். அப்போது நோய் தரவுத்தளத்தில், வலி வாயிலில்.

துண்டு தீர்ந்தபின் நிகழ்வனவும் அறியத்தக்கன. புதிதாக வந்தவர் கருவின் வரிசையிலே காத்து நிற்பார். சேவையகம் அவரை ஏற்க முயன்று, துண்டின்றித் தோற்று, மறுகணமே மீண்டும் முயலும். கவனமின்றி எழுதப்பட்ட செய்நிரலாயின், ஓய்வாயிருந்த மையச் செயலி இவ்வீண்சுழற்சியில் முழுவேகத்தில் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு தோல்வியும் பதிவேட்டில் ஒரு வரியாகி வட்டையும் நிரப்பிவிடும். எஞ்சின்-எக்ஸை எழுதியோர் இதனை முன்னறிந்து, அந்நிலையில் அரை நொடி வாளாவிருந்து பின்னரே முயலும்படி செய்துள்ளனர்.

இவற்றிலும் கெட்டது, துண்டில்லாக் குறை வேறு வேடம் பூண்டு வருவது. தரவுத்தளம் இருக்கும் கணினியின் பெயரை முகவரியாக மாற்றுவதற்கும் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். அதற்குத் துண்டில்லாதபோது 'அப்பெயருடைய கணினி இல்லை' என்று அறிவிப்பு வரலாம். அலுவலர் வலையமைப்பைக் குறைகூறி வடங்களைச் சோதித்துக்கொண்டிருப்பார். ஆகவே பதிவேட்டின் கடைசி வரியை நம்பாது, தொல்லை தொடங்கிய நேரத்து முதல் வரிகளைத் தேடிப் படித்தல் வேண்டும்.

இனிப் பரிகாரம். துண்டு தீர்ந்தால் கட்டைப் பெரிதாக்கு என்பதே எவர்க்கும் முதலில் தோன்றுவது. பல வேளைகளில் அது சரியான மருந்துதான். ஆனால் துண்டு தீர்வதற்குக் காரணம் மூன்று: உண்மையாகவே கூட்டம் மிகுதி, அல்லது முன்னர் கூறியவாறு துண்டு நெடுநேரம் கையிலிருத்தல், அல்லது கசிவு. கசிவென்பது, வண்டியை எடுத்துக்கொண்டு துண்டைத் திருப்பாமலே வீடு செல்வது. செய்நிரலை எழுதியவர் நேர்வழியில் 'மூடு' என்று எழுதியிருப்பார். இடையில் பிழை நேர்ந்து விலகிச் செல்லும் குறுக்குவழியில் அதனை எழுத மறந்திருப்பார். கூட்டம் குறைந்த நாளில் அக்குறுக்குவழியில் எவரும் செல்வதில்லை. கூட்டம் மிகுந்த நாளில் காலங்கடந்த விண்ணப்பங்களும் அறுந்த தொடர்புகளும் மலிய, நூற்றுக்கணக்கான துண்டுகள் அவ்வழியே தொலைந்துபோகும். கசிவுள்ள செய்நிரலுக்கு எல்லையை 1024இலிருந்து 65,536 ஆக உயர்த்துதல், ஓட்டைக் குடத்துக்குப் பதிலாக ஓட்டை அண்டாவைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இன்று மாலை விழுந்தது நாளை நள்ளிரவில் விழும். விழும்போது அருகில் ஆளிருக்க மாட்டார். நாள்தோறும் விடியற்காலையில் சேவையகத்தை நிறுத்தித் தொடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, குறை தீர்ந்ததென்று இருப்பவர்களும் உளர். அது குறையைத் தீர்ப்பதன்று, மறைப்பது.

மூன்றையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. எண்ணத் தெரிந்தாற் போதும். லினக்ஸில் 'புரொக்' என்னும் உறையினுள்ளே ஒவ்வொரு செயன்முறைக்கும் அதன் இலக்கத்தைப் பெயராகக் கொண்ட ஓர் உறை இருக்கின்றது. அதனுள்ளே 'எஃப்-டி' என்னும் சிற்றுறையில், அக்கணத்தில் வெளியேயுள்ள துண்டுகள் யாவும் வரிசையாகக் காணப்படும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவற்றை எண்ணிக் குறித்து வாருங்கள். கூட்டத்தோடு ஏறி, கூட்டம் கலைந்ததும் இறங்கினால், கசிவில்லை. கூட்டம் கலைந்து நெடுநேரமாகியும் இறங்காது, மறுநாள் அவ்வுயரத்திலிருந்தே மேலும் ஏறினால், கசிவு என்று பெரும்பாலும் துணியலாம். வருவோர் தொகை வழக்கம்போலிருக்க, எண்ணிக்கை மட்டும் திடீரென உயர்ந்தால், உள்ளே ஏதோ ஒன்று தாமதிக்கின்றது.

எண்ணிய பின், துண்டுகள் எவற்றுக்குரியன என்று பார்த்தல் வேண்டும். 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்னும் கருவி இதனைக் காட்டும். ஒரே கோப்பின் பெயர் நூறு முறை வந்தால், அதனைத் திறக்கும் இடத்தில் 'மூடு' இல்லை. வலைத்தொடர்புகள் 'குளோஸ்-வெயிற்' என்னும் நிலையிற் குவிந்திருந்தால், எதிர்முனையார் விடைபெற்றுச் சென்றுவிட்டார், நம் செய்நிரல்தான் இன்னும் கதவை மூடவில்லை என்பது பொருள். இதற்கு மாறாக 'ரைம்-வெயிற்' என்னும் நிலை ஆயிரக்கணக்கிற் காணப்பட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. அவை மூடப்பட்டவை, கருவின் நினைவில் சிறிது நேரம் தங்கியிருப்பன, கோப்பிலக்கம் எதனையும் பிடித்திருப்பனவல்ல. இவ்விரண்டையும் மாறாட்டம் செய்து, குற்றமற்றதைத் துரத்துவோர் பலர்.

கசிவில்லை, கூட்டமே காரணம் என்று தெளிந்தபின் எல்லையை உயர்த்தலாம். எல்லைகள் இரண்டு: செயன்முறையைத் தடுத்து நிறுத்தும் மெல்லெல்லை, அம்மெல்லெல்லையைச் செயன்முறை தானாகவே உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சமாகிய வல்லெல்லை. 2018 டிசெம்பரில் வெளிவந்த சிஸ்டம்-டி 240ஆம் பதிப்பு வல்லெல்லையை 524,288 ஆக உயர்த்தியது. மெல்லெல்லையை 1024 ஆகவே விட்டுவைத்தது. அதற்குக் காரணம் உண்டு. 'செலெக்ற்' என்னும் பழைய முறையைக் கையாளும் செய்நிரல்கள் 1024 இலக்கங்களுக்கே பட்டியல் வைத்திருக்கின்றன. 1024ஆம் இலக்கமோ அதற்கு மேற்பட்டதோ வந்தால், அவை பட்டியலுக்கு வெளியேயுள்ள நினைவகத்தில் எழுதிவிடக்கூடும். அத்தகைய செய்நிரலுக்கு எல்லையை உயர்த்துபவர், தெளிவாகத் தெரிந்த ஒரு பிழையை அகற்றி, கண்ணுக்குத் தெரியாத பெருங்கேட்டை அதனிடத்தில் வைக்கின்றார். லினக்ஸில் 2002இல் அறிமுகமான 'ஈ-போல்' முறையைக் கையாளும் எஞ்சின்-எக்ஸ் போன்றவற்றுக்கு இவ்விடர் இல்லை.

இன்னுமொரு பொறியும் உண்டு. பயனர்களுக்குரிய எல்லைகளைக் குறிக்கும் 'லிமிற்ஸ்' என்னும் அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று அமைதியடைவர். அக்கோப்பு, கணினியில் உள்நுழைந்து பணிபுரியும் பயனருக்கே பொருந்தும். கணினி தொடங்கும்போது சிஸ்டம்-டி தானே தொடக்கிவிடும் சேவைகளுக்கு அஃது ஏற்பதில்லை. அச்சேவையின் சொந்த அமைப்பிலே 'லிமிற்-நோ-ஃபைல்' என்னும் வரியை எழுதி, சேவையை மீண்டும் தொடக்குதல் வேண்டும். எழுதியது நடைமுறைக்கு வந்ததா என்பதையும் 'புரொக்' உறையிலுள்ள அச்செயன்முறையின் 'லிமிற்ஸ்' ஏடே கூறும். கட்டளையிட்டதை நம்பாது, அந்த ஏட்டைப் படித்துப் பார்ப்பவரே வீடு சென்று நிம்மதியாக உறங்கலாம். பிழையின் இலக்கம் 24 ஆகாது 23 ஆக இருப்பின், தீர்ந்தது ஒரு செயன்முறையின் கட்டன்று, கணினி முழுமைக்குமுரிய இருப்பு. அதற்குரிய எண் வேறிடத்தில் இருக்கின்றது. அஃது இக்காலத்தில் அரிதாகவே நேரும்.

கசிவைப் பெருங்கூட்டம் வரும்வரை காத்திருந்து கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. புதிய செய்நிரலைப் பொதுமக்கள் பாவனைக்கு விடுமுன், ஒத்திகைக் கணினியொன்றில் அதன் எல்லையை வேண்டுமென்றே 64 ஆகக் குறைத்து, பிழையான விண்ணப்பங்களையும் இடையில் அறுபடும் தொடர்புகளையும் கலந்து ஒருவர் பின் ஒருவராக ஓரிரு நூறு பேரை அனுப்பிப் பார்க்கலாம். நேர்மையான செய்நிரல், 64 துண்டுகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, அத்தனை பேருக்கும் விடையளித்துவிடும். கசிவுள்ளதோ சில நிமிடங்களிலேயே 24ஆம் இலக்கப் பிழையோடு நின்றுவிடும். அப்போது அதனை எழுதியவர் அருகிலிருப்பார்; சுட்டெண்ணோடு காத்திருக்கும் பிள்ளை எவரும் வரிசையில் நிற்கமாட்டார்.