பிளாஸ்டிக் குப்பையும் நுண்ணலை அடுப்பும்

குப்பை என்றால் எரு என்பதே நமது கிராமங்களில் வழிவழியாக வந்த கருத்து. மாட்டுச் சாணமும், சருகும், அடுப்புச் சாம்பலும், காய்கறித் தோலும் எருக்குழியில் விழுந்து மக்கி, அடுத்த போகத்தில் வயலுக்கு உரமாகச் சென்றன. இந்தச் சுழற்சியைத் துண்டித்த பொருள் பிளாஸ்டிக். எருக்குழியில் விழுந்த பால் உறை, பத்து ஆண்டு சென்றாலும் பால் உறையாகவே கிடக்கிறது. எருவோடு வயலுக்குச் சென்று ஏர்முனையில் சிக்குகிறது. வேர் இறங்குவதையும் நீர் இறங்குவதையும் தடுக்கிறது. ஒட்டியுள்ள உணவுக்காக அதை விழுங்கும் பசுவின் வயிற்றில் பந்தாகத் திரண்டு, அதன் உயிருக்கே உலை வைக்கிறது.

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நாவலூரை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரைச் சுற்றி இன்று அடுக்குமாடி வீடுகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் எழுந்துள்ளன. கிராமத்தின் நிலத்தில் நகரத்தின் குப்பை சேருகிறது. நகரக் குப்பை என்ன செய்யும் என்பதற்குச் சான்று வடக்கே சற்றுத் தூரத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீப்பற்றி, பல நாள் புகைந்தது. கிராமங்களிலும் மாலை வேளையில் குப்பையைக் கொளுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் புகையில் டயாக்சின் முதலிய கொடிய நஞ்சுகள் உண்டு. கண்ணுக்கு மறைந்த குப்பை, மூச்சில் திரும்பி வருகிறது.

புதைத்தால் மக்காது, எரித்தால் நஞ்சு. வேறு வழி உண்டா? விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் வழிகளுள் ஒன்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

சங்கிலியை அவிழ்க்கும் முறை

பிளாஸ்டிக் என்பது கோத்த மணிமாலை போன்றது. பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் கிடைக்கும் சிறிய மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் அதுவே பிளாஸ்டிக். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வாளியாகவோ குடமாகவோ வார்ப்பது சாதாரண மறுசுழற்சி. இதில் சங்கிலி அவிழ்வதில்லை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் தரம் குறைகிறது. சங்கிலியையே அறுத்து மீண்டும் சிறிய மூலக்கூறுகளாக்குவது ரசாயன மறுசுழற்சி எனப்படும்.

இதற்குரிய முறைகளுள் ஒன்று, காற்றுப் புகாத கலத்தில் பிளாஸ்டிக்கை இட்டு 400 முதல் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுவது. பிராண வாயு இல்லாமையால் பிளாஸ்டிக் எரிவதில்லை, சிதைந்து ஆவியாகிறது. ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய் கிடைக்கிறது. குளிராதது எரிவாயு, அடியில் தங்குவது கரி. மரத்தை மூட்டமிட்டுக் கரி எடுப்பதும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

நுண்ணலை செய்யும் வேலை

வெளியிலிருந்து தீ மூட்டிச் சூடேற்றுவதில் ஒரு குறை உண்டு. வள்ளிக்கிழங்கைத் தணலில் போட்டால் தோல் கருகிவிடும். நடுப்பகுதி வேகாமல் இருக்கும். பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். அதற்கும் இதே கதிதான். இக்குறையை நீக்கவே மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலையைப் பயன்படுத்துகின்றனர். நகர வீடுகளில் சோறு சூடாக்கும் மின் அடுப்பில் உள்ளதும் இதுவே. வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் இந்த அலை, உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூட்டை உண்டாக்குகிறது.

ஆனால் பால் உறை, உரச்சாக்கு போன்றவற்றிலுள்ள பிளாஸ்டிக்கினூடே நுண்ணலை, கண்ணாடியில் வெயில் நுழைவதுபோல், தங்காமல் சென்றுவிடும். ஆகவே பிளாஸ்டிக்கோடு கரித்தூள் போன்ற ஒரு துணைப்பொருளைக் கலக்கின்றனர். கரி நுண்ணலையை உறிஞ்சிச் சில நிமிஷங்களில் தகதகவென்று சூடேறித் தன்னை ஒட்டியுள்ள பிளாஸ்டிக்கைச் சிதைக்கிறது. சூடு வெளியிலிருந்து வராமல், குவியலின் உள்ளேயே பிறக்கிறது.

இந்த ஆராய்ச்சி நமது மாநிலத்திலேயே நடைபெற்றுள்ளது. நாவலூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் ரசாயனப் பொறியியல் துறையில், பேராசிரியர் ஆர். வினுவும் அவருடன் பணியாற்றிய சூரியப்பாராவும் பல்வேறு துணைப்பொருள்களைக் கலந்து பிளாஸ்டிக்குகளை நுண்ணலையால் சிதைத்துப் பார்த்து, 2015-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். எந்தத் துணைப்பொருள் சேர்கிறதோ அதற்கேற்பச் சூடேறும் வேகமும், எண்ணெய்க்கும் வாயுவுக்கும் உள்ள விகிதமும் மாறுகின்றன. கனடா நாட்டில் பைரோவேவ் என்னும் கம்பெனி, பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை நுண்ணலையால் சிதைத்து, அதன் மூலப்பொருளான ஸ்டைரீனை மீட்கும் இயந்திரத்தை அமைத்தது. 2020-ல் டயர் செய்யும் மிஷலான் கம்பெனி அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல

பல பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கொண்டு வகையை அறியலாம்.

1: தண்ணீர்ப் பாட்டில். இதைச் சிதைத்தால் எண்ணெயைவிட, குழாயை அடைக்கும் அமிலப் பொருள்களே மிகுதி. நாராக நூற்பதற்கு விற்றுவிடுவதே மேல்.

2, 4, 5: கெட்டியான கேன்கள், பால் உறை, பை, உரச்சாக்கு. எண்ணெய் எடுக்க ஏற்றவை.

3: பாசனக் குழாய் போன்ற பி.வி.சி. இது சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை வெளியிட்டு, இயந்திரத்தை அரித்து, எண்ணெயையும் கெடுக்கும். கண்டிப்பாக விலக்க வேண்டும்.

6: தெர்மோகோல் முதலியன. மூலப்பொருளாகவே திரும்பக் கிடைக்கும்.

7: மற்றவையும் கலப்பு வகைகளும்.

ஒரு கைப்பிடி பி.வி.சி. ஒரு மூட்டை நல்ல பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். எனவே இம்முறையின் வெற்றி, இயந்திரத்தைவிடக் குப்பையைப் பிரிக்கும் கையில்தான் இருக்கிறது.

இயந்திரம் வாங்கலாமா?

'குப்பையிலிருந்து எண்ணெய்' என்று கூறி இயந்திரம் விற்க வருபவரிடம் பஞ்சாயத்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மணிக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உண்டா? கிடைக்கும் எண்ணெயைச் சுத்திகரிக்காமல் டீசல் இன்ஜினில் ஊற்ற இயலாது. அதை வாங்குபவர் யார்? மிஞ்சும் கரியை எங்கே கொட்டுவது?

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் உறையும் பையும் சேருவதாக வைத்துக்கொண்டால், 1,000 வீடுகளில் 50 கிலோதான் கிடைக்கும். இடைவிடாது ஓட வேண்டிய இயந்திரத்துக்கு இது போதாது. ஆகவே தனியொரு கிராமம் கடன் பட்டு இதில் இறங்குவது விவேகமாகாது. வட்டார அளவில் பல ஊர்கள் சேர்ந்து யோசிக்க வேண்டிய காரியம் இது. 2020-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் கிராமப்புற இரண்டாம் கட்டம், வட்டாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு நிலையம் அமைக்க வகை செய்தது. நுண்ணலை முறை முழுமையாகத் தேறி வரும்வரை, கைவசமுள்ள வழிகளும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறைப்படி, சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசித் தார்ச்சாலை போடலாம். இதற்கும் பி.வி.சி. ஆகாது.

இன்றே செய்யத்தக்கவை

2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கிராம பஞ்சாயத்துகளுக்கும் பொறுப்பை அளித்துள்ளன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. பஞ்சாயத்துகள் இத்தடையைக் கடைத்தெருவில் நிலைநிறுத்தலாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என வீட்டு வாசலிலேயே பிரித்துத் தரச் செய்து, தூய்மைக் காவலர்களின் சுமையைக் குறைக்கலாம். கையுறையும் நிழலான பிரிக்கும் கொட்டகையும் அவர்களுக்கு அளிப்பது நம் கடமை. குப்பை கொளுத்துவதை கிராம சபையில் தீர்மானம் போட்டு நிறுத்தலாம்.

விவசாயிகள் நிலப்போர்வைத் தாளையும் சொட்டுநீர்க் குழாயையும் அறுவடைக்குப்பின் வயலிலேயே உழுதுவிடாமல் சேர்த்து வைத்தல் வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிகளை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வைத்தல் அவசியம்.

இயந்திரம் நாளை வரலாம். அதற்கு இரை தயாராக இருக்க வேண்டும். பிரித்து, கழுவி, காய வைத்த பிளாஸ்டிக் எந்த முறைக்கும் சரக்கு. சேறும் சோறும் கலந்த பிளாஸ்டிக் எந்த முறைக்கும் சுமை. எருக்குழியை மீண்டும் எருக்குழியாக்குவதே முதல் வேலை. அந்த வேலைக்கு நுண்ணலை வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு கூடைகள் போதும்.