இருபதுக்கு ஒன்றிலிருந்து எண்பதுக்கு ஒன்று வரை

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரைச் சுற்றி ஒவ்வொரு மே மாதமும் ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டி நடக்கிறது. வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஓடைப் பாறைகள் மேல் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்ற வேண்டும், ஊன்றினால் தண்டப்புள்ளி. 1950-களில் இந்தக் களம் பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் கையில் இருந்தது. நமக்குப் பழக்கமான ராயல் என்ஃபீல்டு வண்டியில்தான் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் வென்றார். 1965-ல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாக்கோ ஷெர்ப்பாவில் வந்து ஜெயித்தார். 244 சிசி, டூ-ஸ்ட்ரோக், எடையோ மிகக் குறைவு. களம் மாறியது. பெட்ரோலில் எந்த ஆயிலை, எவ்வளவு கலப்பது என்ற கேள்வியும் கூடவே வந்து சேர்ந்தது.

அன்றைய கணக்கு 20:1. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 250 மில்லி ஆயில். கிடைத்தது மினரல் ஆயில்தான். பலர் சாதாரண எஸ்ஏஇ 30 இன்ஜின் ஆயிலையே கலந்தார்கள். சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர், சூட்டில் சீக்கிரம் மெலிந்துவிடும் ஆயில் படலம். அதனால் நிறைய ஊற்றினால்தான் பிஸ்டன் பிடிக்காது என்ற பயம் நியாயமானதே. அதற்குக் கொடுத்த விலை நீலப்புகை, நனைந்துபோகும் பிளக், கரி அடைத்த எக்ஸாஸ்ட் துவாரம். நம் ஊரில் ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் சைலன்சரைக் கழற்றிக் கரி எடுத்ததை மறந்திருக்க மாட்டார்கள். பந்தயக்காரர்கள் சிலர் காஸ்ட்ரால் ஆர் பக்கம் போனார்கள். அது நம் விளக்கெண்ணெய்க் குடும்பம். கடும் சூட்டிலும் படலம் எளிதில் அறுந்துபோகாது, மணமும் அலாதி. ஆனால் பிஸ்டன் வளையங்களில் பிசினாகப் படியும். குளிரில் பெட்ரோலை விட்டுப் பிரிந்தும் நிற்கும்.

இன்றைய டூ-ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டியில் நிக்கல்-சிலிக்கான் பூச்சு போட்ட அலுமினிய சிலிண்டர், ஊசி பேரிங், சிந்தெடிக் ஆயில். கலவை பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான். 80:1 என்றால் ஐந்து லிட்டருக்கு 62.5 மில்லி, அன்று ஊற்றியதில் கால் பங்கு. ஆயில் பம்ப் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. கேனில் ஊற்றிக் குலுக்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஆயிலில் நீலமோ சிவப்போ சாயம் சேர்ப்பதுகூட, கலந்த பெட்ரோலைப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

பலர் சறுக்குவது ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். கடையில் விலை உயர்ந்த டப்பா ‘ரேசிங்’ ஆயில். அது கார்ட், மோட்டோகிராஸ் போல முழு ஆர்பிஎம்மில் கொதிக்கும் இன்ஜினுக்காகச் செய்தது. எரியத் தொடங்கவே அதிகச் சூடு வேண்டும். ட்ரையல்ஸ் இன்ஜினோ பாதி நேரம் ஐடிலிங்கில் நிற்கும். பாறையில் ஏறும் ஓரிரு விநாடிதான் முறுக்கல். அந்தச் சூட்டில் ரேசிங் ஆயில் முழுதாக எரியாது. கிராங்க்கேஸ் அடியில் தேங்கும், சைலன்சர் பஞ்சில் ஊறும், கடைசியில் பைப் முனையில் கறுப்புக் குழம்பாக வழியும். இந்த வண்டிக்கு விலை குறைந்த, சீக்கிரம் எரியும் ஆயிலே மேல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அதற்காக எதையும் ஊற்றிவிட முடியாது. டிசி-டபிள்யூ3 முத்திரை படகு இன்ஜினுக்கு உரியது. மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ தர முத்திரையில் எஃப்சி அல்லது எஃப்டி. இரண்டும் புகை குறைந்தவை. எஃப்டி கரியை இன்னும் நன்றாகக் கழுவும்.

இன்னொன்றும் உண்டு. ஆயிலைக் கூட்டினால் கார்புரேட்டரில் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும். இன்ஜின் லீன் ஆகிச் சூடேறும். பாதுகாப்புக்கென்று கூடுதலாக ஊற்றியவர் கார்புரேட்டரையும் திருத்தியாக வேண்டும். பழைய புல்டாக்கோவை இன்றும் ஓட்டுகிறவர்களில் பலர் நவீன ஆயிலை 40:1, 50:1 அளவில் கலக்கிறார்கள், ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு.

டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் திருப்பி ஜாசோ முத்திரையைப் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவை அளவுக் குவளையில் ஊற்றுங்கள், கண்மதிப்பில் வேண்டாம். பொருந்திய ஆயில் கிடைத்துவிட்டால் அதை மாற்றாதீர்கள்.